இரண்டு மணிக்குத்தான் அறை

புத்தளம் பஸ் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது சுபஹுத் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லியிருக்கவில்லை. அறை கிடைப்பது பகல் இரண்டு மணிக்கு. இடையில் கிடந்த ஒன்பது மணித்தியாலமும் என் கணவர் எனக்குத் தந்த அன்பளிப்பு. "வெள்ளன பஸ் எடுத்தா வெயில் படாமப் போய்ச் சேரலாம்" என்று கொழும்பில் வைத்துச் சொன்னவர் அவர்தான். சேர்ந்துவிட்டோம். வெயில்தான் இன்னும் வந்து சேரவில்லை.

எங்களிடம் இருந்தவை சில்லு வைத்த ஒரு பை, என் கைப்பை, ஒரு சட்டி. சட்டியில் வட்டிலப்பம். முந்தின நாள் பின்னேரம் அவித்து ஆறவைத்து, மூடிக்கு மேல் வெள்ளைத் துணி சுற்றி முடிச்சுப் போட்டு, கொழும்பிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சட்டி எங்கள் உம்மாவுடையது. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற, மன்னாரை விட்டுத் தோணியில் ஏறியபோது உம்மா கையில் எடுத்தது ஒரு துணிமூட்டையையும் இந்தச் சட்டியையும்தான். அதன் மூடியிலும் அடியிலும் ஆணியால் குத்திய எங்கள் வீட்டுக் குறி இருக்கிறது: மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு. எங்கள் ஊரில் கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் சட்டிபானை வீடுவீடாக இரவல் போகும். எது யாருடையது என்று பிறகு சண்டை வராமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. உம்மா மௌத்தான பிறகு ராத்தாதான் அதை என்னிடம் தந்தா. "நீதான் வட்டிலப்பம் அவிக்கிற. நீயே வச்சுக்கோ" என்றா.

ராத்தா என்பது என் மூத்த சகோதரி. எனக்குப் பதினொரு வயது மூத்தவ. பாலாவி தாண்டிக் கல்பிட்டி வீதியில், இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கென்று உண்டான குடியிருப்பொன்றில் இருக்கிறா. மச்சான் மௌத்தாகி மூன்று வருடம். மகள் கலியாணம் முடித்துத் தூரத்துக்குப் போய்விட்டாள். ராத்தா தனி. புத்தளத்துக்கு வந்தால் நான் தங்குவது ராத்தா வீட்டில்தான். அதில் கேள்வியே இல்லை. ராத்தா இருக்கும் ஊரில் காசு கொடுத்து அறை எடுத்தேன் என்று தெரிந்தால் அது அவ முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம்.

நான் அதைத்தான் செய்திருந்தேன்.

காரணம் கேட்பவர்களுக்குச் சொல்ல அழகான காரணம் ஒன்று வைத்திருந்தேன். நாங்கள் போனால் ராத்தா கட்டிலை எங்களுக்குத் தந்துவிட்டுக் குசினியில் பாய் போட்டுப் படுக்கிறா, பாவம், அவவுக்கு ஏன் கரைச்சல். அது பொய்யும் இல்லை. ஆனால் உண்மை அதைவிடச் சின்னது. தகரக் கூரை வீட்டில் பங்குனி மாதம் படுக்க எனக்கு ஏலாது. எனக்கு ஏசி வேண்டும், அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இப்படியெல்லாம் தேவைகள் வந்துவிட்டன.

ஆகவே ராத்தாவிடம் சொன்ன கதை: நாளைக்குக் காலையில் கொழும்பிலிருந்து நேரே வருகிறோம், பகல் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் பின்னேரம் திரும்புகிறோம். சொல்லாத கதை: இன்றைக்கே வருகிறோம், இரவு டவுனில் என் கணவரின் கூட்டாளி வீட்டுக் கலியாண வலீமா விருந்து, களப்பின் தண்ணீர் ஓரம் ஒரு மாடி வீட்டில் அறை எடுத்திருக்கிறோம். ராத்தா கிளினிக்குக்குத் தவிர டவுன் பக்கம் வராதவ என்பதுதான் என் தைரியம்.

என் கணவர் தொழப் பள்ளிவாசலுக்குப் போக, நான் பஸ் நிலையத்துக் கதிரையில் பைக்கும் சட்டிக்கும் காவல் இருந்தேன். ஒரு கழுதை வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. புத்தளத்துக் கழுதைகளுக்கு எங்கேயும் நேரம் பார்த்து நுழைய வேண்டிய அவசியம் இல்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாழைப்பழத் தோலொன்றைத் தேடி எடுத்துத் தின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

விடிந்ததும் அந்த மாடி வீட்டின் சொந்தக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் கட்டாரில் இருக்கிறார். முகம் தெரியாது, விரல் மட்டும் வேகம். "முந்திய ஆக்கள் பத்து மணிக்குத்தான் வெளிக்கிடுவாங்க. துப்புரவுக்கு ஒரே ஒராள்தான் வாறவ. மூணு அறை. ரெண்டுக்கு முன்னம் தர ஏலாது" என்று பதில் வந்தது.

"மூணு அறை துடைக்க நாலு மணித்தியாலமா?" என்றேன் என் கணவரிடம். "நான் ஒரு வீட்டையே ஒரு மணித்தியாலத்தில துடைப்பன்."

"நீ எங்க துடைக்கிற?" என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் வீட்டைத் துடைப்பதற்கு ஒரு பெண் வருகிறா. ஆனால் அந்த நேரத்தில் சரியைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. முகம் தெரியாத அந்தத் துப்புரவுக்காரியில் எனக்கு அப்போதே கோபம் தொடங்கிவிட்டது. எனக்குக் கோபம் வர ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

எட்டு மணிபோல், தேநீரும் பாணும் சம்பலும் முடித்து மறுபடி பஸ் நிலையப் பக்கம் வந்தபோது கைபேசி அடித்தது. பார்த்தால் ராத்தா.

"எங்கடி நிக்கிற?"

"வீட்டில ராத்தா. கொழும்பில."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்தில் நின்ற நடத்துநர் "பாலாவி கல்பிட்டி! பாலாவி கல்பிட்டி!" என்று கத்தினார், என் காதுக்குள்ளேயே கத்தியமாதிரி.

"அது என்ன சத்தம்?"

"டீவி" என்றேன். "நாடகம் போகுது."

அந்தப் பக்கமும் ஏதோ ஹோன் சத்தம் கேட்டது. "நீ எங்க நிக்கிற?" என்று நானும் கேட்டேன், கேட்க வேண்டுமே என்று. "வீட்டிலதான். ரோட்டால லொறி போகுது. நாளைக்கு வெள்ளன வந்திரு என்ன, மீன் எடுத்து வைக்கிறன்" என்றா. பாலாவிப் பக்கம் உப்பு லொறியும் சீமெந்து லொறியும் ஓயாமல் போகும். அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. என் பொய் தப்பியதே பெரிய விஷயமாக இருந்தது.

ஒன்பதுக்குப் பிறகு வெயில் தன் வேலையைத் தொடங்கியது. களப்போரத்தில் ஒரு நடை நடந்தோம். கள்ளப் புருஷன் பெண்சாதி மாதிரி முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, தெரிந்த முகம் வந்தால் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு. பத்து மணிக்கு என் கணவர் ஒரு யோசனை சொன்னார்: வங்கி. உள்ளே ஏசி, கதிரை, குடிக்கத் தண்ணீர். போய் இலக்கச் சீட்டொன்று எடுத்து உட்கார்ந்தோம். நல்லாகத்தான் இருந்தது. முன்னால் இருபது பேர் இருந்தார்கள். நாட்டில் எங்கேயும் நடக்காத அதிசயமாக அன்றைக்கென்று வரிசை பறந்தது. அரை மணித்தியாலத்தில் எங்கள் இலக்கம் வந்துவிட்டது. மேசைக்குப் போன என் கணவர், அங்கே இருந்த பிள்ளையிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல், "இங்க கிளை எத்தன மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு வந்தார். வெட்கத்தில் வெளியே வந்துவிட்டோம்.

எனக்கு அப்போது வேறு பயம். வட்டிலப்பம். தேங்காய்ப்பாலும் முட்டையும் இந்த வெயிலில் எவ்வளவு நேரம் தாங்கும்? ராத்தாவுக்கு உலகத்திலேயே விருப்பமான சாப்பாடு அது. அகதி முகாமில் இருந்த காலத்தில், யாரோ பெருநாளைக்கு அனுப்பிய வட்டிலப்பத்தில் தன் துண்டையும் எனக்குத் தந்துவிட்டு, "எனக்கு இனிப்பு ஒத்துக்காது" என்று சொன்னவ. அந்தப் பொய் எனக்கு விளங்க இருபது வருடம் எடுத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவித்துக்கொண்டுதான் போகிறேன். இந்தத் தடவை புளித்துப் போனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

கூல்ஸ்பொட் ஒன்றில் பளூடா இரண்டு சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் தன்மையாகத்தான் கேட்டேன்: "நானா, இந்தச் சட்டிய உங்கட ஃப்ரிஜ்ஜில கொஞ்ச நேரம் வைக்கலாமா?"

"ஏலாது தங்கச்சி. ஐஸ்கிறீமில ஏலக்காய் மணம் ஏறிடும்."

"இறுக்கி மூடித்தானே இருக்கு!"

"மூடினாலும் மணக்கும்."

"ஏன் நானா, உங்கட ஐஸ்கிறீமுக்கு ஏலக்காய் மணம் வந்தா அது நல்லதுதானே. இப்ப அதில ஒரு மணமும் இல்லையே!" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். கடை முழுக்கத் திரும்பியது. என் கணவர் பளூடாவுக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

மூலை மேசையிலிருந்து ஒரு குரல்: "இந்தச் சத்தத்தக் கேட்டதும் நினைச்சன். நீங்க நம்மட ராத்தாட தங்கச்சிதானே?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். ராத்தாவின் பக்கத்து வீட்டுப் பெண். காலையிலிருந்து முகத்தை மூடி மூடித் திரிந்து என்ன பலன், வாயை மூட மறந்துவிட்டேனே. சலாம் சொன்னேன். இப்போதுதான் வந்து இறங்கினோம், நேரே ராத்தா வீட்டுக்குத்தான் போகிறோம் என்று அடித்துவிட்டேன்.

"இப்ப போனா ராத்தா வீட்டில இருக்க மாட்டாவே" என்றாள் அவள். "காலைல டவுனுக்கு வாறவதானே, பகல் தாண்டித்தான்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"டவுனுக்கு எதுக்கு?"

"அது... கிளினிக்குக்கு. கால் நோவுக்கு" என்று சொல்லி அவசரமாகப் பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டாள். "நான் உங்களக் கண்டதாச் சொல்ல மாட்டன், நீங்களே போய்ச் சந்தோசப்படுத்துங்க."

எனக்கு உயிர் வந்தது. சொல்ல மாட்டாளாம், அல்ஹம்துலில்லாஹ். ராத்தாவுக்குக் கால் நோவா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். என் தலைக்குள் அப்போது சட்டி ஒன்றுதான் இருந்தது.

வேறு வழியில்லாமல் வீட்டின் சொந்தக்காரருக்கு மறுபடி எழுதினேன்: அறை வேண்டாம், ஃப்ரிஜ் மட்டுமாவது தருவீர்களா? "கேட்டில காவல்காரர் இருப்பார், குடுங்க" என்று பதில் வந்தது. என் கணவர் பையையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு வெயிலில் போனார். நான் பளூடாவோடு இருந்துவிட்டேன். நடக்கப் பஞ்சி.

திரும்பி வந்தவர், "குடுத்திட்டன். மேல துடைக்கிற சத்தம் கேட்டிச்சு" என்றார்.

"இன்னும் துடைக்கிறாளா? பதினொண்ணரை ஆகுது! அப்பிடி என்னத்தத்தான் கழுவுறாளோ!"

"பாவம், ஒராள்தானே."

"பாவமாம். படுத்துப் படுத்துத் துடைக்கிறாளாக்கும்" என்றேன். இப்போது இதை எழுதும்போது விரல் கூசுகிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான். அன்றைக்கு அதைவிட மோசமாகவும் இரண்டொன்று சொன்னேன்.

ளுஹர் தொழுதோம், சோறு சாப்பிட்டோம், சாப்பாட்டுக் கடைக்காரர் மேசையைத் துடைத்துத் துடைத்து எங்களை எழுப்பும்வரை உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் என் கணவர் சும்மா ஒரு கேள்வி கேட்டார். "தொண்ணூறில நீங்க இந்த ஊருக்கு வந்த நாள் எங்க தங்கின நீங்க?"

கல்பிட்டிக் கரையில் இறங்கியபோது எனக்கு ஏழு வயது. காய்ச்சல். ராத்தாதான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தா. முன்பின் தெரியாத வீடொன்றின் கதவை உம்மா தட்டினா. திறந்த பெண் யார் எவர் என்று கேட்கவில்லை, உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாயை விரித்தா. நேரம் என்ன என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒரே பாயில் நான் ராத்தாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்தேன். அதற்குப் பிறகு முகாமிலும் அப்படித்தான், வருடக்கணக்காக. இன்றைக்கும் எதையாவது அணைத்துக்கொள்ளாமல் எனக்கு நித்திரை வராது. வீட்டில் அதற்கென்று ஒரு தலையணை வைத்திருக்கிறேன். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். நான் மணியைப் பார்த்தேன். இரண்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

சரியாக இரண்டு மணிக்கு அந்தக் கேட்டைத் தட்டினோம். காவல்காரர் வயதானவர், நல்ல மனிதர். அறையின் திறப்பைத் தந்துகொண்டே, "கொஞ்சம் சுணங்கிட்டுது, குறை நினைக்காதீங்க" என்றார். "மத்த நாளில துடைக்க வாறவ பன்னிரண்டுக்கே முடிச்சிட்டுப் போயிருவா. இண்டைக்கு உங்கட அறைய ரெண்டு தரம் துடைச்சா."

"ரெண்டு தரமா? ஏன்?"

"தெரியாது. சட்டிய ஃப்ரிஜ்ஜில வைக்கச் சொல்லிக் குடுத்தன். கையில வாங்கி, முடிச்ச அவிழ்த்து மூடியப் பார்த்தா, அடியத் திருப்பிப் பார்த்தா. பிறகு படியில கொஞ்ச நேரம் இருந்தா. மறுகா எழும்பிப் போய் எல்லாத்தையும் முதல்ல இருந்து துடைச்சா. கட்டில் விரிப்பும் வேற மாத்தினா. போகக்குள்ள ஒண்டு சொல்லிட்டுப் போனா, இந்த அறைக்கு வாற பொம்புளப்புள்ளக்கு அணைச்சிப் படுக்க ஒரு தலகாணி வேணுமாம். எங்கேயோ தேடி எடுத்து வச்சிட்டுத்தான் போனா."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் படியேறினேன்.

அறை பளிச்சென்று இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது, முன்கூட்டியே போட்டுவைத்திருந்தா. கட்டிலில் இரண்டு தலையணை, சுவர்ப் பக்கம் நீளமாக மூன்றாவது ஒன்று. நான் எப்போதும் படுப்பது சுவர்ப் பக்கம். ஃப்ரிஜ்ஜைத் திறந்தேன். சட்டி இருந்தது. நான் போட்ட முடிச்சு அவிழ்ந்துபோய் வேறு முடிச்சு, ராத்தா போடும் இரட்டை முடிச்சு, போட்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு துண்டும் எடுக்கவில்லை. வெயிலில் பழுதாகித் தண்ணி விட்டிருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடி வைத்திருக்கிறா.

அந்தக் குளிரூட்டிய அறையில் நின்று நான் அழுதேன். சத்தமாகவே அழுதேன். ஏதும் வேணுமா என்று கேட்கும்போதெல்லாம் "ஒண்டும் வேணாம், அல்லாஹ் தந்திருக்கிறான், நான் வீட்டில சும்மாதானே இருக்கிறன்" என்ற ராத்தா. ஐம்பத்து மூன்று வயதில், கால் நோவோடு, பஸ் ஏறி வந்து, யாரோ படுத்தெழும்பிய கட்டிலைத் தட்டி விரித்துக்கொண்டிருந்திருக்கிறா. நான் பளூடா குடித்துக்கொண்டு அவவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தக் கட்டிலில் உட்காரக்கூட எனக்கு மனம் வரவில்லை.

"வலீமாவுக்கு நான் மட்டும் போறன்" என்றார் என் கணவர். "நீ போ."

சட்டியைத் தூக்கிக்கொண்டு கல்பிட்டி பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று யோசித்தேன். கூட்டாளிதான் அறை எடுத்துத் தந்தார் என்று சொல்லலாமா. அவவுடைய வேலை பற்றித் தெரியாததுபோல் இருக்கலாமா. சொன்னபடி நாளைக்கே போகலாமோ. பாலாவிச் சந்தியில் லொறிகளுக்குப் பின்னால் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிவிடவும் நினைத்தேன்.

ராத்தா வாசலில் கதிரை போட்டுக் காலை நீட்டிக்கொண்டு இருந்தா. விரல் நுனியெல்லாம் தண்ணியில் ஊறிச் சுருங்கி வெளிறிப்போய்க் கிடந்தது. என்னைக் கண்டதும் எழும்பவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தா. வெயிலில் கறுத்துப் போயிருந்தேன்.

"ராத்தா..." என்று தொடங்கினேன்.

"ரெண்டு மணி மட்டும் வெயில்லயாடி நிண்ட?" என்றா. "வந்திட்டன் எண்டு காலைல ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, உன்ட அறைய முதல்ல துடைச்சித் தந்திருப்பனே."